மீசையில் மண் ஒட்டாத கதை

உட்கார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை,
கடல் பக்கம் சாயாதே, மலைப் பக்கம் சாய்.
வல்பராய்சோவில் எல்லாமே ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்கும்,
தேவாலயம் உட்பட.
இரண்டு கோப்பை திராட்சைச் சாராயம் சொல்லிவிடு.
காசு உன்னுடையது, கதை என்னுடையது.

எலெவ்தேரியோ கினோனெஸ் நான்.
தெரியாதா? அப்படியானால் நீ அப்போது பிறந்திருக்கவில்லை.
நான் பிறந்தபோதே மீசையோடு பிறந்தேன்.
மருத்துவச்சி என்னைத்தான் தகப்பன் என்று நினைத்துக்
கைகுலுக்கிக் கூலி கேட்டாளாம்.
ஞானஸ்நானத்தன்று பாதிரியார்
மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்துவிட்டு
அப்பாவைத் தண்ணீரில் முக்கினார்.
அப்பா கடைசிவரை என் பெயரில்தான் வாழ்ந்தார், பாவம்.

இருபது வயதில்
மலையேறும் லிஃப்டில் நான் வீடு வந்து
காலணி கழற்றிய பிறகும்
இடது நுனி கீழே துறைமுகத்தில்
மீன் விலை பேசிக்கொண்டிருக்கும்.
வலது நுனியில் சலவைக்காரி ஒருத்தி
ஒன்பது போர்வை காயப்போட்டாள்.
ஒரு கேப்டனின் கால்சட்டையும்.
கலங்கரை விளக்கு அணைந்த பனி இரவில்
மெழுகு பூசி இரண்டு நுனியையும் கொளுத்தினேன்,
நோர்வேக் கப்பல் ஒன்று அதைப் பார்த்துக் கரைசேர்ந்தது.
நன்றிக்கு ஒரு பீப்பாய் கருவாடு.
கருவாட்டுக் கதை வேறு, அதற்கு மூன்றாவது கோப்பை வேண்டும்.

பிறகு வந்தான் மீசை மெழுகுக் கம்பெனிக்காரன்.
டப்பா மூடியில் என் முகம்,
மீசைக்கு இடம் போதாமல் அடுத்த டப்பாவில் தொடரும்.
தபால்தலை அடித்தார்கள்;
மூன்று தலை சேர்த்து ஒட்டினால்தான் நான் முழுசாகத் தெரிவேன்.
செலவுக்குப் பயந்து அந்த வருடம்
நாடே கடிதத்தைச் சுருக்கி எழுதியது:
"சரி", "முடியாது", "சனிக்கிழமை".

பணமா? கொட்டோ கொட்டென்று கொட்டியது.
நேராகப் படுத்துத் தூங்க
இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு வாங்கிச்
சுவரில் ஓட்டை போட்டேன்.
மீசைக்குத் தனிச் சமையல்காரன், தனி வக்கீல்.
எனக்கு இருந்தது ஒரு பூனை.
அதுவும் வாடகைக்கு.

ஹொர்டென்சியா என்று ஒரு மனைவியும் இருந்தாள்.
முத்தமிட, மூன்று நாள் முன்பே
கம்பெனிக்கு மனுப்போட வேண்டும்.
காப்பீட்டுப் பத்திரத்தின் பதினோராம் விதி:
மீசைக்காரர் சூப் குடிக்கலாகாது.
நான்கு வருடம் குடிக்கவில்லை.
ஐந்தாம் வருடம் ஒரு மழைநாளில்
ஆவி பறக்கும் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.
"கூழா, மீசையா?"
யோசித்தேன்.
யோசித்திருக்கக் கூடாது.
ஆறும் மட்டும் யோசித்தேன்.

நீதிமன்றம் அளந்து வெட்டியது:
இடப்பாதி ஹொர்டென்சியாவுக்கு,
வலப்பாதி ஏற்கெனவே வங்கியில் அடமானம்.
மூக்குக்கு நேர் கீழே அரை விரல் நிலம்
வாரிசுகளுக்குள் தகராறாம், யாருக்கும் இல்லையாம்.
வந்தார்கள் மூன்று குமாஸ்தாக்கள்,
அளவுகோல், கத்தரி, ரசீது.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
பேனாவையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அவள் தன் பாதியை மெத்தையில் அடைத்து
ஓர் அக்கார்டியன்காரனோடு சுகமாகத் தூங்குகிறாள்.
வங்கியின் பாதி பெட்டகத்துக்குள் இன்னும் வளர்கிறதாம்.
அந்த வளர்ச்சி வட்டிக் கணக்கில் சேருமாம்,
அசல் அப்படியே நிற்குமாம்.

விழுந்தேன், மறுக்கவில்லை.
ஏழு வீட்டு உயரத்திலிருந்து குப்புற விழுந்தேன்.
ஆனாலும் என் மீசையில் மண் ஒட்டவில்லை.
எப்படி ஒட்டும்? அது பெட்டகத்தில் இருக்கிறதே.

இப்போது தினமும் சூப் குடிக்கிறேன்,
இந்தக் கடையில், இந்த மூலையில்.
நன்றாகத்தான் இருக்கிறது.
அவள் உப்பு இன்னும் கொஞ்சம் குறைவாகப் போடுவாள்.

என்ன பார்க்கிறாய் என் மேலுதட்டை?
அது சூப்.

உன் கோப்பையில் பாதி மிச்சம் இருக்கிறதே,
குடிக்கப் போகிறாயா?